டில்லி மேட்டின் தாவர சாஸ்திரிகள்

ஆரவல்லி மலைத்தொடர் ராஜபுதனத்தைக் குறுக்காகக் கடந்து வடகிழக்கே சரிந்து, வஸீராபாத் அருகில் யமுனையின் கரையில் வந்து முடிகிறது. முடியும் இடத்தில் உள்ள பாறை மேட்டைத்தான் டில்லிவாசிகள் ரிட்ஜ் என்று வழங்குகிறார்கள். 1857-ல் நகரத்தை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை பாசறை அமைத்திருந்த இடம் என்பதற்காகச் சரித்திரப் புத்தகங்கள் அதற்கு ஒரு மூலையில் இடம் கொடுத்திருக்கின்றன. ஆனால் அந்தப் படைக்கும், அதற்கு முன் அந்த வழியாக வந்து போன எத்தனையோ படைகளுக்கும் முன்பிருந்தே அந்தப் பாறைகளின் இடுக்கில் வேரூன்றி நிற்கும் வன்னியையும், உகாயையும், வெள்வேலையும், புரசையும், இலந்தைப் புதரையும், ஆடாதோடையையும் ராமநாதபுரத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ டில்லிக்கு வேலைக்கு வந்த தமிழர் ஒருவர் கண்டால், தமது சீமையின் மேய்ச்சல் காடு இத்தனை தூரம் தம்மைத் தொடர்ந்து வந்துவிட்டதா என்று வியக்கவே செய்வார். சங்கப் புலவர்கள் பாலை நிலத்துக்கு உரியதாகப் பாடிய உகாய்தான் இங்கே பீலூ என்ற பெயருடன் பழைய கல்லறைகளின் ஓரத்தில் முதுகு வளைந்து நிற்கிறது.

இந்த மேட்டுக்கே உரியவை என்று சொல்லத்தக்க தாவரங்கள் இரண்டு. ஒன்று தௌ என்ற மரம். நம் மலைகளில் வளரும் வெக்காலியின் நெருங்கிய உறவு. கிளைகள் தொங்கித் தழைந்து, சிற்றிலைகள் குளிர்காலத்தில் செம்பு நிறம் கொள்ளும். ஆடுமாடுகள் ஓயாமல் கடித்தால், தலையெடுக்க முடியாமல் பாறையோடு பாறையாகப் படர்ந்து கிடந்து, காவல் கிடைத்த வருஷத்தில் மரமாக நிமிரும் வைராக்கியம் உடையது. மற்றொன்று கரீல், இலை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லாத பச்சைச் சுள்ளிப் புதர், பங்குனி வெயிலில் செங்கல் நிறப் பூக்களை உடல் முழுவதும் சூடிக்கொள்ளும், காயை ஊறுகாய் போடுவார்கள். தாவர சாஸ்திர நூல்களில் ஒவ்வொரு செடியின் லத்தீன் பெயருக்குப் பின்னாலும் அதற்குப் பெயரிட்டவரின் பெயரைச் சுருக்கி எழுதுவது மரபு. தௌ, கரீல் இரண்டின் பெயருக்குப் பின்னாலும் வருவது எட்ஜ்வர்த் என்ற ஐரிஷ்காரர் ஒருவரின் பெயர். கரீலுக்கு அவருக்கு முன்பே ஒரு பெயர் கொடுத்தவர் லின்னேயஸின் மாணாக்கராகிய பீட்டர் ஃபோர்ஸ்கால். அரேபியாவில் செடி தேடச் சென்று 1763-ல் ஏமன் நாட்டில் குளிர்காய்ச்சல் கண்டு மாண்டவர். ஒரு முட்புதரின் பெயருக்குள் இரண்டு மனிதர்களின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

எனினும், டில்லிப் பிரதேசத்தின் செடிகளுக்குப் பெயர் சூட்டிய பழைய சேகரிப்பாளர்களில் ஏறக்குறைய எல்லோருமே வழிப்போக்கர்கள். அவர்களுடைய கண் இமயமலையின் மீதே இருந்தது. டில்லி அவர்களுக்கு வண்டிமாட்டை மாற்றிக்கொண்டு, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு மேலே செல்லும் ஒரு சாவடி. இவ்வூரின் செடிகளை அவற்றின் பொருட்டே அறிய வேண்டும் என்று இங்கே தங்கி உழைத்தவர்கள் நூறு வருஷங்களுக்கும் மேல் கழித்துத்தான் வந்தார்கள்.

வழிப்போக்கர்களில் மிகவும் மனத்தைக் கவருபவர் விக்டர் ஜாக்மோன். 1801-ல் பிறந்த இந்தப் பிரெஞ்சுக்காரரைப் பாரிஸில் உள்ள இயற்கைச் சரித்திரக் கலாசாலையார், சொற்பமான உபகாரச் சம்பளம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1828-ல் கப்பலேறி, பிரேஸில், நன்னம்பிக்கை முனை முதலிய இடங்களைச் சுற்றிப் புதுச்சேரியில் இறங்கிச் சில நாள் தங்கி, 1829 மே மாதம் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள தாவரத் தோட்டத்தில் சில மாதங்கள் இந்நாட்டுச் செடிகளைக் கற்றுக்கொண்ட பிறகே வடக்கே புறப்பட்டார். 1830 மார்ச் மாதம் டில்லி வந்து சேர்ந்தார். அப்போது செங்கோட்டையில் இரண்டாம் அக்பர் ஷா பெயரளவில் சக்கரவர்த்தியாக இருந்தார். ராஜ்யம் கும்பெனியார் கைக்குப் போயிருந்தாலும் சபை மரியாதைகள் போகவில்லை. பாதுஷா அந்த இளம் பிரயாணியைத் தர்பாரில் வரவேற்றுக் கில்லத்து என்ற மரியாதை அங்கி அளித்துப் பட்டமும் சூட்டினார் என்பதை அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அறிகிறோம். அந்தக் கடிதங்கள் அவர் காலத்துக்குப் பின் அச்சாகி ஐரோப்பாவில் பிரசித்தி பெற்றன.

டில்லியிலிருந்து அவர் இமயத்துக்கும் திபெத்தின் எல்லைக்கும் சென்றார். 1831-ல் லாகூரில் ரஞ்சித் சிங்கைக் கண்டு, அந்த மன்னரின் தயவால் காஷ்மீரத்துக்குள் சென்று, மீண்டும் டில்லி வழியாகவே திரும்பித் தெற்கே பம்பாயை நோக்கிப் பிரயாணமானார். 1832 டிசம்பர் 7-ஆம் தேதி, முப்பத்தொன்றாம் வயதில், ஈரல் கட்டி நோயால் பம்பாயில் காலமானார். பிற்காலத்தில் அவருடைய அஸ்தியைப் பாரிஸுக்குக் கொண்டுபோய், அவரை அனுப்பிய கலாசாலையிலேயே அடக்கம் செய்தார்கள். இமயத்தின் வெண்பட்டை பூர்ஜ மரவகை ஒன்றும், அரவம் படமெடுத்தாற்போல் பூக்கும் கிழங்குச் செடி ஒன்றும், ராஜஸ்தானத்து மணலில் வளரும் பாவ்லி என்ற வேலமும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நான்கு வருஷங்களுக்குள் இத்தனையும் செய்து முடித்த மனிதருக்கு இன்னும் இருபது வருஷ ஆயுள் கிடைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டில்லிக்கு வடக்கே கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சஹாரன்பூரில், முன்பு நவாபுகளின் நந்தவனமாக இருந்த தோட்டத்தை 1817-ல் கும்பெனியார் தாவரத் தோட்டமாக்கினார்கள். 1823-ல் அதன் பொறுப்பை ஏற்ற டாக்டர் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் கான்பூரில் பிறந்தவர். வைத்தியராகவும் தோட்ட அதிகாரியாகவும் இருந்த அவரால் ஊரை விட்டு நகர முடியவில்லை; ஆகவே ஆட்களைப் பழக்கி மலைகளுக்கு அனுப்பினார். அவர்கள் வணிகர்களின் கூட்டத்தோடு காஷ்மீரம் வரை சென்று செடிகளைக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கிடைத்தவற்றைக் கொண்டே அவர் 1833 முதல் 1840 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இமயமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூல் உருவாயிற்று. மலையேறியவர்களின் பெயர் எதுவும் அந்நூலின் புகழில் பங்கு பெறவில்லை. சித்திரங்களைத் தீட்டியவர்களில் ஒருவர் மட்டும், விஷ்ணுபிரசாத் என்பவர், படங்களின் அடியில் பொடி எழுத்தில் தம் பெயரைப் பெற்றிருக்கிறார். தெற்கே சென்னை ராஜதானியில் ராபர்ட் வைட் என்ற தாவர சாஸ்திரியிடம் வேலை பார்த்த ரங்கையாவும் கோவிந்தும் இந்த விஷயத்தில் சற்றே பாக்கியசாலிகள். வைட் தம் சித்திரகாரரான கோவிந்துவின் பெயராலேயே ஓர் ஆர்க்கிட் இனத்துக்குப் பெயர் சூட்டினார். பின்னால் வந்த பண்டிதர்கள் அந்த இனத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயரும் வழக்கொழிந்து போயிற்று. பாதம் தேய நடந்தவனுக்கும் கண் மங்க வரைந்தவனுக்கும் சாஸ்திரம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

தௌவுக்கும் கரீலுக்கும் பெயரளித்த மைக்கேல் பாகென்ஹாம் எட்ஜ்வர்த் 1812-ல் அயர்லாந்தில் பிறந்தவர். நாவலாசிரியை மாரியா எட்ஜ்வர்த்தின் தம்பி, தந்தையின் பிற்காலத்து விவாகத்தில் பிறந்தவர். 1831-ல் கும்பெனியின் சிவில் உத்தியோகத்தில் சேர்ந்து, அம்பாலா, பாந்தா, முல்தான் முதலிய ஜில்லாக்களில் வரி வசூலும் வழக்கு விசாரணையும் செய்துகொண்டே செடிகளைச் சேர்த்தார். அவருடைய சிரத்தைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். நீராவிக் கப்பல் ஏடன் துறைமுகத்தில் சிறிது நேரம் நின்றபோது, மற்றப் பிரயாணிகள் இளைப்பாற, இவர் கரையிறங்கி வெறும் பாறையாகத் தோன்றும் அந்த ஊரில் இரண்டு மணி நேரம் செடி பறித்து, அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். வறண்ட நிலத்துச் செடிகளை ஏளனமாகப் பார்க்காத கண் அது. அந்தக் கண் இருந்ததால்தான் இமயத்தின் வண்ணப் பூக்களைத் தேடி ஓடியவர்கள் கவனியாமல் விட்ட தௌவும் கரீலும் அவருக்குத் தென்பட்டன.

இவர்கள் சேர்த்த செடிகள் என்ன ஆயின என்பதை அறிய ஒரு தாளைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பூவும் காயும் வேருமாகப் பறித்த செடியை மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையே பரப்பி, மேலே பலகை வைத்து அழுத்தி, ஈரம் வற்றும் வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பிடித்து எல்லாம் கறுத்துவிடும். உலர்ந்ததைச் சவ்வீரம் கலந்த சாராயத்தில் தோய்த்தெடுத்தால்தான் பூச்சி அண்டாது. பிறகு ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள தடித்த காகிதத்தில் ஒட்டி அல்லது தைத்து, வலது பக்கத்துக் கீழ் மூலையில் பெயர், கண்ட இடம், தேதி, பறித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றைக் குறிப்பார்கள். பூவின் நிறம் சில வருஷங்களில் பழுப்பாகிவிடும். மூலையில் உள்ள ஐந்து வரி இருநூறு வருஷமும் பேசும். அப்படிப்பட்ட தாள்கள் கட்டுக் கட்டாகக் கப்பலேறி லண்டனை அடுத்த க்யூ தோட்டத்துக்கும் பாரிஸுக்கும் போயின. சஹாரன்பூரில் தோட்ட அதிகாரியாக இருந்த டத்தீ, மேல்கங்கைச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி எழுதிய பெருநூல் 1903 முதல் வெளிவரத் தொடங்கியது. ஆயினும் அது ஒரு பெரும் பிரதேசத்தின் நூல். டில்லி அதில் ஒரு மூலைதான்.

1911-ல் தலைநகரம் டில்லிக்கு மாற்றப்பட்ட பிறகு, புது நகரத்தின் சாலைகளுக்கு மரம் வைக்கும் வேலை மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரியிடம் வந்தது. அக்பர் சாலையில் புளியும், இன்று ஜனபத் எனப்படும் வீதியில் மருதமும், பல சாலைகளில் நாவலும் வேம்பும் இன்று கூரை வேய்ந்தாற்போல் நிற்பது அந்தக் காலத்து உழைப்பின் பலன். அதற்காக அவரை வாழ்த்தலாம். ஆனால் அதே காலத்தில் மேட்டைப் பசுமையாக்குவதற்காக விதைத்த மெக்ஸிகோ நாட்டு வேலம், விலாயதி கீகர், மேட்டின் சொந்தக் குடிகளை ஒவ்வொன்றாக நெருக்கித் தள்ளிவிட்டது. இந்த மரத்தைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேல்தான் அது. சென்னை ராஜதானியின் வன அதிகாரியும் சிறந்த தாவர சேகரிப்பாளருமான பெட்டோம் 1876-ல் அதன் விதையை வேண்டி எழுத, அடுத்த வருஷம் கடப்பைப் பகுதியில் அது நடப்பட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு செய்த காரியம். ஒரு நிலத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை முற்றும் அறியாமல் அதில் வேறொன்றை விதைப்பதன் விளைவு என்ன என்பதற்கு டில்லி மேடும் முகவை ஜில்லாவும் ஒரே சாட்சியாக நிற்கின்றன.

சுதந்திரம் வந்தபோது, இந்நாட்டுச் செடிகளைப் பற்றி ஐயம் தீர்க்க வேண்டுமானால் இந்திய மாணவர் லண்டனுக்குப் போக வேண்டிய நிலை. 1951-ல் பிரதமர் நேரு, இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜானகி அம்மாளை அழைத்து, நலிந்து கிடந்த இந்தியத் தாவர ஆய்வு ஸ்தாபனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை அளித்தார். தலைச்சேரியில் பிறந்து சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர் இந்த அம்மையார். 1984-ல் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமாகும் வரை செடிகளோடேயே வாழ்ந்தார்.

அவர் அழைக்கப்படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1949-ல், டில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஸர் மாரிஸ் க்வயர் டாக்காவிலிருந்து ஒருவரை அழைத்து வந்து தாவர சாஸ்திரப் பகுதியின் தலைமையில் அமர்த்தியிருந்தார். அவர் பஞ்சானன் மகேஸ்வரி. 1904-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். அலகாபாத்தில் வின்ஃபீல்ட் டட்ஜன் என்ற அமெரிக்க ஆசிரியரிடம் பயின்றவர். படிப்பு முடிந்ததும் குருதக்ஷிணையாக என்ன செய்யலாம் என்று சிஷ்யர் கேட்டதற்கு, நான் உனக்குச் செய்ததை நீ உன் மாணவர்களுக்குச் செய் என்று அந்த ஆசிரியர் சொன்னாராம். அந்தக் கட்டளையைப் பஞ்சானன் மகேஸ்வரி நிறைவேற்றிய விதத்தைத்தான் டில்லியின் தாவர சாஸ்திர சரித்திரம் என்று சொல்ல வேண்டும். பூக்கும் தாவரங்களின் கருவியலைப் பற்றி அவர் எழுதி 1950-ல் வெளியான நூல் உலகத்துக் கலாசாலைகளில் எல்லாம் பாடநூலாயிற்று. 1951-ல் தாவர உருவியல் அறிஞர்களின் சர்வதேசச் சங்கத்தை டில்லியிலேயே நிறுவிப் பத்திரிகையும் தொடங்கினார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உயிரியல் பாடநூலை உருவாக்கும் குழுவுக்கும் தலைமை வகித்தார். பெரிய பண்டிதர்கள் சிறு பிள்ளைகளுக்கு எழுத இறங்கி வருவது எந்த நாட்டிலும் அபூர்வம். 1965-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறு வருஷம் மே 18-ஆம் தேதி டில்லியில் காலமானார்.

அவருடைய பகுதியில் நடந்த ஆராய்ச்சிகளில் இரண்டைச் சொல்லாமல் மேலே செல்லக் கூடாது. 1962-ல் குஸும் காந்தா, ரங்கஸ்வாமி, மகேஸ்வரி மூவரும், கசகசாச் செடியின் சூல்களையும் மகரந்தத்தையும் கண்ணாடிக் குழாய்க்குள் சேர்த்து அங்கேயே கருவுறச் செய்து விதை விளைவித்துக் காட்டினார்கள். அதனினும் பெரிது ஊமத்தையில் நடந்தது. சிப்ரா குஹா என்ற பெண்மணி, பஞ்சானன் மகேஸ்வரியின் குமாரரான சதீஷ் சந்திர மகேஸ்வரியுடன் சேர்ந்து, ஊமத்தை வகை ஒன்றின் முதிராத மொட்டைப் பிரித்து, அதன் மகரந்தப் பையைச் சத்துக் கலந்த கூழின் மேல் வைத்து வளர்த்துவந்தார். சில வாரங்களில் அந்தப் பை வெடித்து, அதற்குள்ளிருந்து விதையில் இருப்பது போன்ற சிறு சிறு கருக்கள் தலை நீட்டின. 1964-ல் இச்செய்தி வெளியாயிற்று; ஆண் அணுவாக மட்டுமே ஆக வேண்டிய மகரந்தத் துகளே தாயின் துணையின்றி முழுச் செடியாக வளரத் தொடங்கியிருந்தது என்பது 1966-ல் உறுதிப்பட்டது. ஊமத்தையின் அணுக்களில் குரோமோஸோம்கள் இருபத்து நான்கு. இந்தச் செடிகளிலோ பன்னிரண்டே. பன்னிரண்டை மருந்திட்டு இரட்டிப்பாக்கினால், பல தலைமுறை காத்திருந்து பெற வேண்டிய கலப்பற்ற வித்து ஒரே தலைமுறையில் கிடைக்கும். நெல்லிலும் கோதுமையிலும் புகையிலையிலும் இந்த முறை பின்னர் உலகமெங்கும் கையாளப்பட்டது. ரோஜாவையோ தாமரையையோ விட்டு, குப்பைமேட்டில் முளைக்கும் ஒரு செடியில் இந்த உண்மை வெளிப்பட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

நகரின் மேற்குப் பக்கத்தில், 1934 பூகம்பத்துக்குப் பின் பீஹாரிலிருந்து பெயர்ந்து வந்த பூஸா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், ஹர்பஜன் சிங் என்பவர் வேறு வகையான சேகரிப்பில் ஈடுபட்டிருந்தார். ஜாக்மோனும் எட்ஜ்வர்த்தும் உலர்ந்த செடியைத் தேடினார்கள். இவர் தேடியது முளைக்கும் விதை. கிராமம் கிராமமாகக் குடியானவரின் வீட்டு விதைப்பானையிலிருந்து ஒரு பிடி பெற்று, எண்ணிட்டுப் பதிவு செய்வார்கள். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் பரவித் தோட்டங்கள் பாழான சமயத்தில், வங்காளத்திலிருந்து வந்து 1542 என்ற எண் பெற்ற விதை அந்நோயின் குறி காட்டாமல் நின்றது. அதைப் பூஸா மக்மலி என்ற வகையோடு சேர்த்து உண்டாக்கியதே பூஸா ஸாவனி. வெகு காலம் தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் விற்ற அந்த வெண்டையைச் சாம்பாரில் போட்டவர்களில் ஹர்பஜன் சிங்கின் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? அவர் வளர்த்த பகுதியே 1976-ல் தேசியத் தாவர மரபுவளப் பணியகமாகத் தனி ஸ்தாபனமாயிற்று.

டில்லியின் செடிகளுக்கென்றே தனி நூல் 1963-ல்தான் வந்தது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கௌன்சில் வெளியிட்ட அந்த நூலை எழுதியவர் இன்னொரு மகேஸ்வரி, ஜே. கே. மகேஸ்வரி. மூன்று வருஷம் கழித்து அதற்குச் சித்திரத் தொகுதி ஒன்றையும் கொடுத்தார். அரண்மனை மதிலில் முளைத்த பூண்டும், யமுனை மணலில் படரும் கொடியும், மேட்டின் தௌவும் கரீலும், மழை கண்டு எழுந்து மழையோடு மடியும் புல்லும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. பேரரசுகளின் தலைநகரத்தில், அவ்வூர்ப் புல்லுக்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்று ஒருவர் எண்ணித் தெருத் தெருவாகவும் பாறை பாறையாகவும் நடந்து அதை முடித்தார் என்பது, மகுடாபிஷேகங்களுக்குக் குறையாத சம்பவம் என்று நான் கருதுகிறேன். இதைப் போலவே தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி ராபினட் ஹெர்பேரியத்தில் அமர்ந்து உழைத்த பாதிரியார் கே. எம். மாத்யூவின் கர்நாடகச் சமவெளித் தாவர நூலும் தங்கிய மனிதர் ஒருவரின் உழைப்பே.

ஜே. கே. மகேஸ்வரியின் நூல் வெளிவந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. அவர் செடி பறித்த வயல்கள் பல இன்று குடியிருப்புகள். ஆற்றங்கரைச் சதுப்புகள் பல தூர்ந்துவிட்டன. 2006-ல் பிரதீப் கிருஷன் மரங்களைப் பற்றி எழுதிய நூல் படித்தவர்களின் கண்ணை மரங்களின் பக்கம் திருப்பியது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு முதலியோரின் முயற்சியால் உயிரினப் பூங்காக்களில் மேட்டின் பழைய குடிகளை மீண்டும் நட்டு வளர்க்கிறார்கள். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அந்த 1963-ஆம் வருஷத்து நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொல்லிய ஒவ்வொரு செடியும் சொல்லிய இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வர, நடக்கக் கால்பலமும் பார்க்கக் கண்பலமும் உடைய இரண்டு மூன்று இளைஞர்கள் வேண்டும். அவர்களுக்குச் சில வருஷச் சம்பளமும், பறித்த தாள்களை வைக்க ஈரம் ஏறாத ஓர் அறையும், ஒவ்வொரு தாளின் மூலையிலும் அவர்கள் பெயரோடு வழிகாட்டிய உள்ளூர்க்காரரின் பெயரையும் எழுதும் நேர்மையும் பல்கலைக்கழகத்தார் கொடுக்க வேண்டும்.